தேடினால் கிடைக்காத ரயில்

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். கல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பின்னால், ஒரு இனிப்புக் கடையின் மாடியில், இணையதளங்கள் செய்து கொடுக்கும் எங்கள் அலுவலகம். மரப்படிகளில் யாரோ கோபமாக ஏறிவரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்படி ஏறுகிற வாடிக்கையாளர் எங்களுக்கு ஒருவர்தான்.

சகுந்தலா அக்கா உள்ளே வந்தார். சொட்டிக்கொண்டிருந்த குடையை ஸ்கேனர் மேலேயே வைத்தார். அவருக்குப் பின்னால் ஒல்லியான, நடுவயதுக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றார். அவர் தோள்பையிலிருந்து எக்ஸ்ரே உறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"மாலதி, இந்தக் கம்ப்யூட்டர்ல என் கடை எங்கம்மா இருக்கு?"

"இங்கதான்க்கா இருக்கு" என்று தளத்தைத் திறந்து காட்டினேன். வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு எண் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறியது. நூறைத் தொட்டதும் ஹௌரா பாலம் பனிமூட்டத்திலிருந்து எழுந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு ரயில் வந்தது. பாலம் பின்னால் நகர, வயல்கள் நகர, கடைசியில் தென்னை மரங்களுக்கு நடுவே ரயில் நின்றது. ஒரு தாமரை விரிந்தது. அதன் ஒவ்வொரு இதழிலும் ஒரு பொத்தான்.

"அது எனக்குத் தெரியும். நீ தொறந்தா வருது. இவர் தேடுனா ஏன் வர்ல?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஆனால் அது இப்படி, ஒரு மனிதரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அவர் பெயர் நிமாய் பாபு. நதியா மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். மகள் துக்டுகிக்கு இருதயத்தில் ஓட்டை. தெற்கே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று ஊர் டாக்டர் சொல்லியிருக்கிறார். நிமாய் பாபுவின் மைத்துனர் கல்கத்தாவில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து தேடியிருக்கிறார். முதலில் வந்த தளத்தில் ஒரு தரகரின் போன் எண் இருந்தது. அந்த ஆளை நம்பி ரயிலேறியிருக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. தரகர் அவர்களை ஒரு லாட்ஜில் போட்டு, தனக்குத் தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு நாள்தோறும் நடக்க வைத்திருக்கிறார். ஒரே பரிசோதனை திரும்பத் திரும்ப. "பெரிய இடத்தில் தேதி கிடைக்கவில்லை" என்று ஒரே பதில். மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? குழந்தைக்கு மூச்சிரைப்பு கூடியதும் பயந்துபோய் ஊர் திரும்பிவிட்டார்கள்.

பிறகு யாரோ சொல்லி, வேலூர் போகிறவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்து கொடுக்கும் அக்காவிடம் வந்திருக்கிறார். முதலிலேயே ஏன் என்னிடம் வரவில்லை என்று அக்கா கடிந்துகொண்டிருக்கிறார்.

"தீதி, நீங்க இருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியாது. தேடினோம். கிடைக்கல" என்று வங்காளியில் சொல்லியிருக்கிறார் நிமாய் பாபு.

அந்தப் பதில்தான் அக்காவை அவருடைய லேக் மார்க்கெட் அறையிலிருந்து டாலிகஞ்சுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியது.

கப்பல் ஊதிய காலம்

இன்றைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் ஃப்ளாஷ் என்று ஒன்று இருந்தது. இணையதளத்தில் படங்களை நகர வைக்கலாம், பாட வைக்கலாம், பூவை விரிய வைக்கலாம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த ஒவ்வொரு முதலாளிக்கும் அதில்தான் தளம் வேண்டும். சாதாரண எழுத்தும் படமும் போட்டுக் கொடுத்தால், "இவ்வளவுதானா?" என்பார்கள்.

நான் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். வீட்டில் சேலத்துத் தமிழ், வாசலுக்கு வெளியே வங்காளி. டாலிகஞ்ச் அலுவலகத்தில் என் வேலை, நாங்கள் செய்த தளங்களைத் தேடுபொறிகள் கண்டுகொள்ளும்படி செய்வது. சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கும். உண்மையில், பூட்டிய வீட்டின் வாசலில் நின்று "உள்ளே ஆள் இருக்கிறார்கள், நம்புங்கள்" என்று கத்துகிற வேலை.

ஏனென்றால் தேடுபொறிக்குக் கண் கிடையாது. பக்கத்தில் எழுத்தாக எழுதியிருப்பதை மட்டும்தான் அது படிக்கும். ஃப்ளாஷில் எல்லாமே ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் வரிகளை அன்றைய தேடுபொறிகளால் சரியாகப் படிக்க முடியாது. தளத்தில் இருபது பக்கங்கள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு வெற்றுப் பக்கம்தான்.

கிடர்பூரில் கஸ்டம்ஸ் கிளியரிங் செய்கிற ஒருவருக்கு நாங்கள் ஒரு தளம் செய்திருந்தோம். திறந்தால் ஒரு கப்பல் வரும். வந்து ஊதும். அந்த ஊதலை நிறுத்த வழியே கிடையாது. அவருடைய குமாஸ்தாக்கள் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்து மேஜைக்காரர் டீயைக் கொட்டிக்கொள்வார். அந்த முதலாளியிடம் போய், உங்கள் தளம் தேடலில் வரவில்லை என்றேன்.

"யார் சொன்னது? இங்கே பார்" என்றார். தேடுகிற பெட்டியில் தன் தளத்தின் முழு முகவரியையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தளம் வந்தது. "வருதா இல்லையா?"

"சார், உங்க முகவரி தெரிஞ்சவங்க எதுக்கு சார் தேடணும்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கப்பல் ஊதியது.

இப்படி எத்தனை பேர். நகைக்கடைக்காரர், பள்ளிக்கூடத் தாளாளர், கல்யாண மண்டபக்காரர். எல்லோரும் ஒரே மாதிரி முகவரியைத் தட்டி, ஒரே மாதிரி என்னை ஜெயித்தார்கள். பிற்காலத்தில் உலாவிகளே ஃப்ளாஷைக் கைவிட்டு, அந்தக் கப்பல்களும் தாமரைகளும் ஒரேயடியாகத் திறக்காமல் போனபோது நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

பாப்பா தா

அக்காவின் ரயிலைச் செய்தவர் பாப்பா தா. வங்காளத்தில் அண்ணனை 'தா' என்பார்கள். வீட்டில் வைக்கும் செல்லப்பெயர் சாகும்வரை கூட வரும். முகமெல்லாம் தாடியும், விரலிடுக்கில் அணையாத சிகரெட்டுமாக இருந்த அவரைப் பற்றி முதல்முறை வீட்டில் பேசியபோது, "பாப்பா அழுதுச்சுன்றியே, ஆபீஸுக்கா குழந்தையைத் தூக்கிட்டு வராங்க?" என்று அம்மா கேட்டார்.

அவர் உண்மையிலேயே அழுதிருந்தார். ஒரு வாடிக்கையாளர் அவருடைய மேகத்தை நீலமாக்கச் சொல்லிவிட்டார் என்பதற்காக.

டாலிகஞ்ச் ஸ்டுடியோ ஒன்றில் சினிமாக்களுக்கு டைட்டில் எழுத்து வரைந்துகொண்டிருந்தவர். அந்த வேலை குறைந்ததும் எங்களிடம் வந்து சேர்ந்தார். கைதேர்ந்தவர், சந்தேகமே இல்லை. அந்த ரயில் சன்னல்களில் ஒன்றில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்குவாள். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. ரயில் வருவதற்குள்ளேயே பாதிப் பேர் பொறுமையிழந்து போய்விட்டார்கள்.

"பாப்பா தா, அந்த விவரம் எல்லாத்தையும் வெளியில எழுத்தா போட்டுடலாமா?" என்று தளம் தயாரானபோதே கேட்டேன்.

"மாலோதி" என்றார். வங்காளி வாயில் என் பெயர் அப்படித்தான் ஆகும். "நீ ஒரு சினிமா தியேட்டர் வாசல்ல கதையை முழுசா எழுதி வைப்பியா?"

எங்கள் முதலாளி தேபு தா இரண்டு பேரையும் பார்த்து, "வாடிக்கையாளர் சந்தோஷமா இருக்காங்க. விடுங்க" என்றார். விட்டோம்.

லேக் மார்க்கெட் அறை

சந்தோஷமாக இருந்த அந்த வாடிக்கையாளரைப் பற்றி.

சகுந்தலா அக்கா காட்பாடியில் பிறந்தவர். நர்ஸாக இருந்தவர். கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கல்கத்தா வந்தார். வந்த புதிதில் பக்கத்து வீட்டு வங்காளிகள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வேலூருக்குப் போகிறோம், எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, டாக்டரிடம் எந்த மொழியில் பேசுவது?

இந்த ஊரில் யாருக்காவது பெரிய நோய் வந்தால் தெற்கே போவது என்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. வேலூரில் சில தெருக்களில் வங்காளியில் பெயர்ப்பலகைகள்கூட உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேருகிறவரைக்கும் அந்தப் பயணம் இருட்டில் நடப்பது மாதிரி.

கணவர் இறந்த பிறகு அக்கா அதையே தொழிலாக்கிக்கொண்டார். லேக் மார்க்கெட்டில், தமிழ்க்காரர்கள் காப்பிப்பொடியும் அப்பளமும் வாங்கும் கடைக்கு மேலே ஒரு அறை. ரயில் டிக்கெட், தங்கும் அறை, டாக்டர் தேதி எல்லாவற்றையும் இங்கிருந்தே போனில் முடித்துக் கொடுப்பார். அங்கே வேலூரில் அறை பார்த்துக் கொடுப்பது அவர் தங்கை வள்ளி. அக்காவின் அறைக்குப் போனால் கீழே வறுக்கிற காப்பிக்கொட்டையின் மணமும், மேலே யாராவது ஒருவருடைய விசும்பலும் எப்போதும் இருக்கும்.

தளம் வேண்டும் என்று வந்தவர் பாப்பா தாவின் ரயிலைப் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்படியே நான் வந்த ரயிலு" என்றார். அதற்குமேல் நான் தேடுபொறி, எழுத்து என்று பேசியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

மூன்றாம் பக்கம் வரை

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நிமாய் பாபுவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மைத்துனர் என்ன தட்டினார் என்று கேட்டேன். அவர் ஒற்றை விரலால், ஆங்கிலத்தில், வேலூர், கல்கத்தா, சிகிச்சை, உதவி என்று நான்கு சொற்களைத் தட்டினார்.

முதலில் வந்தது அந்தத் தரகரின் தளம். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஒரு படம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வேலூர் இருந்தது, கல்கத்தா இருந்தது, சிகிச்சை இருந்தது. தேடுபொறிக்கு வேறென்ன வேண்டும்? நிமாய் பாபு அந்த மஞ்சளைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இல்லை.

கடைசியில் அக்காவின் நிறுவனப் பெயரையே கொடுத்துத் தேடினேன். வந்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரிடப்படாதது' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல். அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை: லோடிங்.

"இதுதான் நானா?" என்றார் அக்கா.

"தேடுபொறிக்கு இவ்வளவுதான்க்கா தெரியுது."

"அதுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியாது. அப்பவே சொன்னேன்ல."

"அப்ப அதுக்குத் தெரியற மாதிரி ஏதாச்சும் பண்ணு. ஆனா ரயிலு இருக்கட்டும்."

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. "அக்கா, ரயிலு இருக்கறதாலதான் தெரியல!"

"கத்தாதம்மா. கொழந்தை விஷயமா வந்திருக்காரு."

நிமாய் பாபுவுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன்னால்தான் சண்டை என்று நினைத்து, "மன்னிச்சிடுங்க" என்றார் வங்காளியில்.

வெள்ளையில் வெள்ளை

தேபு தாவிடம் போனேன். ரயிலை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் எழுத்தாக, தனித்தனிப் பக்கங்களாகப் போட வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு? வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்தா வேலூர், வேலூர், வேலூர்னு நிறைய எழுதி வச்சிடு. மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்."

"கிடர்பூர் கப்பலுக்கு அதைத்தானே செஞ்சோம்? தேடுபொறி கண்டுபிடிச்சு, அந்தத் தளத்தைப் பட்டியல்ல இருந்தே தூக்கிடுச்சு. மறந்துட்டீங்களா?"

"கப்பல்காரர் இன்னும் கண்டுபிடிக்கலையே" என்றார் தேபு தா நிம்மதியாக.

நான் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இந்த ஒரு தளத்தை மட்டும் என் விருப்பப்படி செய்ய விடுங்கள், இல்லையென்றால் இந்த அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். தேபு தா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இடுப்பில் கைவைத்து நின்ற அக்காவைப் பார்த்தார். சம்மதித்தார்.

பாப்பா தா சம்மதிக்கவில்லை. தன் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "போய் அந்தத் தரகன் மாதிரியே மஞ்சள்ல செய். ஒரு குருட்டு இயந்திரத்துக்காக எல்லாரும் அசிங்கமா இருக்கப் பழகுங்க."

"அந்தத் தரகனைத்தான் பாப்பா தா இவங்க கண்டுபிடிச்சாங்க. உங்க ரயிலை இல்ல."



தப்பு வங்காளம்

அடுத்த வாரம் முழுக்க லேக் மார்க்கெட் அறையிலேயே உட்கார்ந்தேன். அக்கா வருகிறவர்களிடம் தினமும் வாயால் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்தேன். காட்பாடியில்தான் இறங்க வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரைச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். கம்பளி வேண்டாம். சமைத்துக்கொள்ள அனுமதிக்கும் அறைகள் உண்டு. ஸ்டேஷன் வாசலில் பையைப் பிடுங்குகிறவர்கள் யாரும் ஆஸ்பத்திரி ஆட்கள் அல்ல.

ஆங்கிலத்தில் முடித்தேன். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். வங்காளியில் வேண்டும். எனக்கு வங்காளி தண்ணீர் மாதிரி பேச வரும். எழுத்து தெரியும், பிழையில்லாமல் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் ஹிந்தி எடுத்த பாவம். அக்காவுக்கும் பேச்சு மட்டும்தான். இருந்தாலும் காதில் விழுகிறபடி எழுதினேன். எழுதியதைப் பிரின்ட் எடுத்து அலுவலக மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பாப்பா தா என் மேஜையருகே நின்றிருந்தார். கையில் அந்தத் தாள்கள். முகம் வெளிறியிருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"இருதயத்தை இப்படியா எழுதுவாங்க? நோயாளி இதைப் படிச்சா வழியிலேயே போயிடுவான்."

"பேசறது அப்படித்தானே?"

"பேசறது!" அவர் தாள்களை மேஜையில் அடித்தார். "என் ரயிலைத் தூக்கிப் போடு, பரவால்ல. ஆனா இந்த வங்காளத்தை மட்டும் உலகத்துக்குக் காட்டாதே. எழுந்திரு."

என் நாற்காலியில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. என் வரிகளில் ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. சத்தமாகப் படித்துப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், அடிப்பார், மறுபடி எழுதுவார். நடுநடுவே, "ராத்திரி குளிருமா? குழந்தைக்குப் பால் கிடைக்குமா?" என்று என்னை விரட்டி விரட்டிக் கேட்டார். அக்காவுக்கு போன் போட்டுப் போட்டு நான் சலித்துப்போனேன்.

ரயிலை நான் முழுசாக எடுத்துவிடவில்லை. கடைசிப் பக்கத்தில், விருப்பப்பட்டவர் பார்க்கட்டும் என்று ஒரு மூலையில் வைத்தேன். அதைப் பார்த்து அவர், "அனாதைப் பிணம் மாதிரி வச்சிருக்க" என்றார். ஒரு மனிதரைத் திருப்திப்படுத்தவே முடியாதென்றால் என்ன செய்வது?

துக்டுகி

இதற்கு நடுவே அக்கா நிமாய் பாபு குடும்பத்தைத் தானே கூட்டிக்கொண்டு வேலூர் போனார். அவர் அப்படிக் கூடவே போவது வழக்கமில்லை. இந்த ஒருமுறை போனார்.

ஹௌராவில் வழியனுப்ப நானும் போயிருந்தேன். துக்டுகிக்கு எட்டு வயதிருக்கும். உதடுகளில் லேசான நீலம். அம்மா மடியில் சாய்ந்துகொண்டு, சன்னல் வழியாக என்னைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்றாள். வரவில்லை என்றதும், "பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அதை ரொம்ப இயல்பாக எடுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம், முன்னாலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று. நுரையீரல் பலவீனப்பட்டிருந்தது. உடனே கத்தி வைக்க முடியவில்லை. வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத் தேற்றிய பிறகுதான் ஆபரேஷன். அந்த நாட்களில் அக்கா போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "இருக்கா." அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் அலுவலகத்துக்கு போன் வந்தது. "மாலதி, உதடு செவந்திருக்குது" என்றார். நான் போனை வைத்துவிட்டுப் பாப்பா தாவிடம் சொன்னேன். அவர் சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனவர், தீக்குச்சி விரலைச் சுடும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

துக்டுகி பிழைத்துக்கொண்டாள். ஆனால் மற்றக் குழந்தைகள் மாதிரி ஓட அவளுக்கு வெகுகாலம் பிடித்தது. அந்த இழந்த மாதங்களுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? தரகரிடமா? நூறுவரை எண்ணிக்கொண்டே இருந்த அந்த வெள்ளைத் திரையிடமா? இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

முதல் அழைப்பு

புதிய பக்கங்கள் இணையத்தில் ஏறிவிட்டன. ஒன்றும் நடக்கவில்லை.

வேலூரிலிருந்து திரும்பிய அக்கா தினமும் காலையில் போன் செய்தார். "வந்துட்டேனா?"

"இன்னும் இல்லக்கா. தேடுபொறி வந்து படிச்சுட்டுப் போகணும். நாளாகும்."

"எப்ப வரும்?"

"அது சொல்லிட்டு வராதுக்கா."

"அட்ரஸ் சரியாக் குடுத்தியா?"

நான் போனை நெற்றியில் முட்டிக்கொண்டேன். தேபு தா வேறு, "வெள்ளை எழுத்து போட்டிருந்தா இந்நேரம் வந்திருக்கும்" என்று போகிறபோதும் வருகிறபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் தளம் முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதே நான்கு சொற்களைத் தட்டிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நடுகிற சமயம். ஒரு பத்து மணி வாக்கில், ஏதோ திருத்தம் கேட்க அக்காவின் அறைக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. அக்கா வழக்கம்போல ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அவர் கைகள் டிக்கெட்டுகளைப் பின் பண்ணிக்கொண்டிருந்தன.

ஒரு பெண்ணின் குரல். பாங்குராவிலிருந்து பேசுவதாக வங்காளியில் சொன்னார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. துணைக்கு ஆள் கிடையாது. அந்தப் பெண் ஹௌராவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் தேடி ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"உங்க பேப்பர்ல ஒண்ணு எழுதியிருக்கு. அது நிஜமான்னு கேக்கத்தான் போன் பண்ணினேன்" என்றார் அந்தப் பெண். பிறகு மெதுவாகப் படித்தார். நல்ல, திருத்தமான வங்காளி. அதன் பொருள் இதுதான்: 'காட்பாடியில் இறங்கும்போது பயப்படாதீர்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் உங்கள் மொழியில், உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.'

அக்கா போனின் வாயைப் பொத்திக்கொண்டார். "எவன்மா எழுதுனது இதை? நான் எப்ப சொன்னேன் பிளாட்பாரத்துல ஆள் நிக்கும்னு? வள்ளி அறையில சாவியத்தான் குடுப்பா!"

நானும் சொல்லவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் வங்காளி எழுதுகிற ஒரே ஆள் எங்கள் கூட்டத்தில் யாரென்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"பாப்பா தா" என்றேன்.

"அந்தத் தாடிக்காரனை நான்..." என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் அந்தப் பெண், "தீதி? இருக்கீங்களா?" என்றார்.

அக்கா கையை எடுத்தார். பிறகு வங்காளியில், நர்ஸுகளுக்கே உரிய அந்தத் தட்டையான குரலில், "நிஜம்தான். ஆள் நிக்கும். உங்க பேரைச் சொல்லுங்க" என்றார்.

போனை வைத்ததும் பாப்பா தாவையும் என்னையும் தேபு தாவையும் தேடுபொறியையும் சேர்த்து வாய் வலிக்கத் திட்டித் தீர்த்தார். பிறகு தங்கைக்கு போன் போட்டார்.

"வள்ளி, அடுத்த வாரத்துலருந்து நீ ஸ்டேஷனுக்குப் போவணும். பிளாட்பாரத்துல நிக்கணும். வங்காளியில பேசணும்."

"எனக்கு இன்னாக்கா வங்காளி தெரியும்? மீனு, சோறு, அவ்ளோதான்."

"நான் சொல்றதச் சொல்லு. பேரைச் சொல்லிக் கூப்புடு. அப்புறம், ஆஷுன் தீதி, பொய் நேய்."

"பொய்யா? இன்னா பொய்யி?"

"பொய் இல்லடி. வாங்கக்கா, பயம் இல்லன்னு அர்த்தம். அவங்க பாஷையில அப்படித்தான். சொல்லு."

ஸ்பீக்கரில் வள்ளி தடுக்கித் தடுக்கிச் சொன்னார். அக்கா திருத்தினார். மறுபடி சொன்னார். மறுபடி திருத்தினார். கீழேயிருந்து காப்பிக்கொட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு ஆட்டோக்காரர் பொறுமையில்லாமல் ஹார்ன் அடித்தார்.

பாடம் முடியும்வரை காத்திருந்து, "அந்த வரியை எடுத்துடட்டுமாக்கா? இன்னிக்கே எடுத்துடலாம்" என்றேன்.

"எடுத்துத்தான் பாரேன்" என்றார் அக்கா, ரயில் கால அட்டவணையைத் தேடி மேஜையைக் கலைத்தபடி.